சிப்பிப்பாறை நாய அருவிக்குக் கூட்டிட்டுப் போகலாமா? செங்கோட்டை வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரோட பதில்

செங்கோட்டை பக்கத்துலேருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால விஷயத்த மட்டும் சொல்றேன். வீட்டுல ரெண்டரை வயசு சிப்பிப்பாறை, ஆண் நாய், கருப்பன்னு வச்சுக்குவோம். போன அக்டோபர் லீவுல புளியரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடைக்கு அவனக் கூட்டிட்டுப் போயி ரெண்டு மணி நேரம் அவுத்து விட்டிருக்காங்க. வந்தப்ப நல்லாத்தான் இருந்திருக்கான். 12 நாள் கழிச்சு சோத்த மோந்து பார்த்துட்டு திரும்பிப் படுத்துக்கிட்டான், மறுநாள் ரெண்டு மூக்குலயும் ரத்தம், பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கிற அணு) பார்த்தா வெறும் 28 ஆயிரம். அஞ்சு நாள் டிரிப்ஸ், ஒரு மாசம் மாத்திரைன்னு போராடி மீட்டிருக்காங்க. மாமியார் "அருவித் தண்ணி அவனுக்கு ஒத்துக்கல, இனிமே கூட்டிட்டுப் போகக் கூடாது"ன்னு முடிவா சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லி ஜூன் கடைசில சாரல் விழுந்ததும் போறதுக்கு பிளான் போட்டு வச்சிருக்காரு: முதல் நாள் குற்றாலத்துல செண்பகாதேவி அருவி, மறுநாள் கேரளா பக்கம் பாலருவி, அங்கேருந்து ஆரியங்காவுல சித்தி வீடு, அவங்க ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓடுற ஓடை. ஆறு வயசுப் பையனும் கூட வர்றான்.

வாசகி கேக்குறது இதுதான்: கூட்டிட்டுப் போகலாமா, எங்க போகலாம், தண்ணியக் கண்டா பின்வாங்குறவன தூக்கிப் போட்டா நீச்சல் பழகிருவான்னு வீட்டுக்காரர் சொல்றது சரியா, காட்டுக்குள்ள நாய் கூட இருந்தா குடும்பத்துக்கும் பாதுகாப்புதானே.

அம்மா, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். நாய விட்டுட்டு நாம மட்டும் ஊர் சுத்த மனசு வரலன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகவே இத விரிவா எழுதணும்னு தோணுச்சு. கூட்டிட்டுப் போகலாம். ஆனா உங்க வீட்டுக்காரர் போட்ட பிளான்ல மூணுல ரெண்டு இடம் வேண்டாம், மூணாவது இடம் அருமையான இடம், அதுக்கும் இப்பவே சில வேலை பார்க்கணும்.

முதல்ல மாமியார் சொன்னதுக்கு வர்றேன். அவனப் படுக்க வச்சது தண்ணி இல்லம்மா, உண்ணி. ஓடைக்கரைப் புல்லுல, மாடு மேயுற இடத்துல, தோட்டத்து வீட்டு நாய்ங்க படுத்து எந்திரிச்ச இடத்துல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறி ஒண்ணுலேருந்து மூணு வாரம் கழிச்சுத்தான் காய்ச்சல் காட்டும், அதனாலதான் போயிட்டு வந்தப்ப நல்லா இருந்தவன் 12 நாள் கழிச்சு விழுந்தான். எர்லிக்கியா, பபேசியான்னு ரெண்டு வகை கிருமி நம்ம பக்கம் அதிகம், பிளேட்லெட்ட சாய்ச்சு விட்டுரும், மூக்குல ரத்தம் வர்றது அதனாலதான். ஒரு தடவ வந்துருச்சு இனி வராதுன்னு நினைக்காதீங்க, மறுபடி வரும், சில நாய்க்கு கிருமி முழுசா போகாம உள்ளயே பதுங்கியும் கிடக்கும். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ரத்தம் எடுத்து பிளேட்லெட் பார்க்கணும்.

மூக்குல ரத்தம்னு சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது, உங்களுக்கு உதவும், சொல்லிடுறேன். மேக்கரைப் பக்கத்துலேருந்து ஒரு நாட்டு நாயக் கூட்டிட்டு வந்தாங்க, 10 நாளா ஒத்த மூக்குல மட்டும் சொட்டுச் சொட்டா ரத்தம், தும்மல், தலைய தரையில தேய்க்குது. பிளேட்லெட் சரியா இருந்துச்சு. ஓடையில தண்ணி குடிச்சுதான்னு கேட்டேன், தினமும் அங்கதான் குடிக்கும்னாங்க. காலையிலேருந்து தண்ணி காட்டாம வச்சிருந்து, மதியம் ஒரு அலுமினியச் சட்டியில குளுந்த தண்ணிய மூக்குகிட்ட நீட்டுனோம். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, ஓட்டைக்குள்ளேருந்து பழுப்பு நூல் மாதிரி ஒண்ணு தண்ணியப் பார்த்து தலைய நீட்டுச்சு. அட்டை. வெறும் கையில வழுக்கும், துணி வச்சுப் பிடிச்சு மெதுவா, விடாம இழுத்தா முழுசா வந்துருச்சு, ரெண்டு இஞ்ச் இருக்கும். குட்டியா இருக்கையில தண்ணியோட மூக்குக்குள்ள ஏறி உள்ளயே ரத்தம் குடிச்சு வளர்ற வகை அது. அதனால ஓடைத் தண்ணியக் குடிக்க விடாதீங்க, வீட்டுத் தண்ணி ரெண்டு லிட்டர் கையில எடுத்துட்டுப் போங்க. ஒத்த மூக்குல ரத்தம்னா அட்டையையும் நினைங்க, ரெண்டு மூக்குலயும்னா அன்னைக்கே ரத்த டெஸ்ட்டுக்கு ஓடுங்க.

செண்பகாதேவியும் பாலருவியும் ஏன் வேண்டாம்

செண்பகாதேவிக்குப் போற பாதை காட்டு வழி, வனத்துறை கையில இருக்கு, மனுஷங்க போறதுக்கே கட்டுப்பாடு இருக்கற இடம். பாலருவிக்கு உங்க வண்டியில நேரா போயிர முடியாது, ஆரியங்காவு ரோட்டுலயே நிறுத்திட்டு வனத்துறை வண்டியிலதான் உள்ள போகணும், சாரல் நேரத்துக் கூட்டத்துல நெருக்கியடிச்சுக்கிட்டு. தென்மலை பக்கம் செந்துருணி சரணாலயம், இந்தப் பக்கம் பாபநாசத்துல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், இங்கெல்லாம் வளர்ப்பு நாய உள்ள கொண்டு போகவே கூடாது. யாருக்கும் தெரியாம ஒரு ஒத்தையடிப் பாதை இருக்குன்னு யாராவது ஆசை காட்டுவாங்க, கேக்காதீங்க.

இது சும்மா அதிகாரிங்க வச்ச கெடுபிடின்னு உங்க வீட்டுக்காரர் நினைக்கிறாரு போல ("நம்ம நாய் என்ன பண்ணிரப் போகுது"ன்னு கேட்டதா எழுதியிருக்கீங்க). நம்ம நாய் ஒண்ணுமே பண்ண வேண்டாம்மா, ஒரு மரத்தடியில ஒண்ணுக்குப் போனாலே போதும். நாய்கிட்ட இருக்கற டிஸ்டெம்பர், பார்வோங்கற வைரஸ் நோயெல்லாம் செந்நாய்க்குத் தொத்தும், கடிச்சா ரேபிஸும் தொத்தும். 2018-ல குஜராத் கிர் காட்டுல 20-க்கும் மேல சிங்கம் செத்துச்சு, அதுல பலதோட உடம்புல டிஸ்டெம்பர் வைரஸ் இருந்துச்சு. நம்ம மலையில இருக்கற செந்நாய்க் கூட்டத்துல அப்படி ஒண்ணு புகுந்தா ஊசி போட யாரு போறது?

அப்புறம் உங்க நாயோட ஜாதி. சிப்பிப்பாறையும் கன்னியும் காலங்காலமா முயல் விரட்டுறதுக்குன்னே வளர்த்த நாய்ங்க, அது உங்களுக்கும் தெரியும் வனத்துறைக்காரங்களுக்கும் தெரியும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா கொல்றது மட்டும் இல்ல, விரட்டுறது, பொறி வைக்கிறது, அதுக்கு முயற்சி பண்றதுகூட வேட்டைதான். காட்டோரம் சங்கிலி இல்லாம ஒரு சிப்பிப்பாறை, எதிர்ல ஒரு சருகுமான், நீங்க குளிக்க வந்தோம்னு சொன்னா யாரு நம்புவா? சருகுமான் முதல் அட்டவணையில இருக்கற விலங்கு, அத வேட்டையாடுனதா கேஸ் ஆகி குத்தம் நிரூபணமாச்சுன்னா 3 வருஷத்துக்குக் குறையாம ஜெயில், 7 வருஷம் வரைக்கும் போகும். நான் வக்கீல் இல்ல, ஆனா இது தெரிஞ்சுக்கிட்டே ஆக வேண்டிய விஷயம்.

குற்றாலத்துல பேரருவி, ஐந்தருவிப் பக்கமும் வேண்டாம். சாரல்னா அங்க கால் வைக்க இடம் இருக்காது, பாறையில பாசி, தண்ணிக்குள்ள யாரோ உடைச்சுப் போட்ட பாட்டில் சில்லு. தண்ணியில ஊறுன பாதம் மெத்துன்னு ஆயிரும், சாதாரணமா கீறாத கல்லுகூட அப்ப கிழிச்சு விட்டுரும்.

நாய் கூட இருந்தா பாதுகாப்புன்னு நினைக்கிறது

தோட்டத்து வீட்டுல ராத்திரி நாய் குரைச்சா நாம உஷாராகலாம், அது சரி. காட்டுக்குள்ள இது தலைகீழா ஆயிரும். நாய் முன்னாடி ஓடி கரடியையோ யானையையோ பார்த்துக் குரைக்கும், அது திருப்பி விரட்டும், நாய் எங்க ஓடும்? உங்ககிட்டதான் ஓடி வரும், பின்னாடி யானையையும் கூட்டிக்கிட்டு. பையன் பக்கத்துல நிக்கும்போது இது நடந்தா எப்படின்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. சிறுத்தைக்கு நாய்னா விருப்பமான இரை, புளியரை, ஆரியங்காவு பக்கம் தோட்டத்துல நாய் காணாம போற கதை உங்க சித்திகிட்ட கேட்டாலே சொல்லுவாங்க.

அதவிட எனக்குப் பயம் அவுட்டுக்காய். காட்டுப்பன்னிக்காக பழத்துக்குள்ளயோ மாவுக்குள்ளயோ வெடிய வச்சு தோட்டத்து ஓரமா போட்டு வைக்கிறாங்க, சட்டப்படி குத்தம், ஆனாலும் நடக்குது. 2020 மே மாசம் பாலக்காடு மண்ணார்க்காடு பக்கம் வாய் வெடிச்சுப் போன கர்ப்பிணி யானை ஆத்துக்குள்ளயே நின்னு உயிர விட்டுச்சே, அதுவும் இந்த மாதிரி வெடிதான். வாசனை பிடிச்சுப் போற நாய் அதக் கடிச்சா தாடை இருக்காது. நான் அப்படிப்பட்ட நாய்க்குத் தையல் போட்டிருக்கேன், ரெண்டு தடவ தையல் போட ஒண்ணுமே மிச்சம் இல்லாம இருந்துச்சு. பன்னிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு, கரண்டு வேலி எல்லாம் இதே கணக்குதான். அதனால சித்தி தோட்டமே ஆனாலும் அவுத்து விடாதீங்க. போன தடவ ரெண்டு மணி நேரம் அவுத்து விட்டு ஒண்ணும் ஆகலையேன்னு வீட்டுக்காரர் சொன்னா, அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு இங்க உக்காந்து படிக்கும்போதே வயித்தக் கலக்குச்சுன்னு சொல்லுங்க.

சங்கிலிலயும் ஒரு விஷயம் இருக்கு. சிப்பிப்பாறைக்குக் கழுத்தவிட தலை ஒடுக்கம், சாதாரண பெல்ட்ட மாட்டுனா பின்னாடி ரெண்டு எட்டு வச்சு தலைய உருவிட்டுப் போயிருவான், கையில வெறும் பெல்ட் தொங்கும். இழுத்தா கொஞ்சம் இறுகுற அகல பெல்ட்டோ, நெஞ்சச் சுத்தி மாட்டுற ஹார்னஸோ வாங்குங்க, வீட்டுல பத்து நாள் போட்டுப் பழக்குங்க. கயிறு ரெண்டு ஆள் நீளம் போதும்.

தூக்கிப் போட்டா நீச்சல் வருமா

வராது, பயம்தான் வரும். ரீல்ஸ்ல அருவிக்குள்ள குதிக்கிறது லாப்ரடார், அதுக்கு உடம்புல கொழுப்பு இருக்கு, ரெட்டை அடுக்கு முடி, தண்ணியில போட்ட பறவைய எடுத்துட்டு வர்றதுக்குன்னே வளர்த்த ஜாதி. உங்க கருப்பனுக்கு விலா எலும்ப எண்ணலாம், முடி வெல்வெட் துணி கணக்கா ஒட்ட இருக்கும், வெயில்ல ஓடுறதுக்கான உடம்பு அது. தண்ணியில மிதக்க மாட்டான், குளிரு சீக்கிரம் ஏறிரும். அவன் பின்வாங்குறது கோழைத்தனம் இல்ல, அவன் உடம்பு என்ன தாங்கும்னு அவனுக்கே தெரியுது. தூக்கிப் போட்டா இன்னொண்ணும் நடக்கும், தண்ணியோட சேர்த்து தூக்கிப் போட்ட ஆளையும் நம்ப மாட்டான், அதச் சரி பண்ண மாசக்கணக்கு ஆகும்.

உங்க வீட்டுக்காரர் முழங்கால் தண்ணியில போயி உக்காரட்டும், கூப்பிட வேண்டாம், இழுக்க வேண்டாம், அவரு பாட்டுக்கு கல்லப் புரட்டிக்கிட்டு இருக்கட்டும். அவனா வந்து முன்னங்கால நனைச்சா அன்னைக்கு அதுவே போதும். கணுக்கால் அளவு தெளிஞ்ச தண்ணி, மணல் கரை, மேலேருந்து விழாத இடம், அவனுக்கு இதுதான் அருவி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தொட்டுப் பாருங்க, உடம்பு நடுங்குச்சுன்னா ஏத்தி துண்டால துவட்டிருங்க, சாரக்காத்து ஈர உடம்புல அடிக்க விடாதீங்க.

வெயில் அடிக்கிற நாள்ல கதை வேற. நாய்க்கு வேர்வையில சூடு இறங்காது, நாக்க நீட்டி மூச்சு வாங்கித்தான் இறங்கணும், கேரளா பக்கத்துப் புழுக்கத்துல அந்த மூச்சும் சரியா வேலை செய்யாது. ஈறு செங்கல் நிறத்துக்குப் போச்சு, எச்சில் கெட்டியா ஒழுகுது, நடை தள்ளாடுதுன்னா அந்த இடத்துலயே நிழல்ல போட்டு வயிறு, தொடை இடுக்கு எல்லாம் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க, அப்புறம் வண்டியத் தேடுங்க. நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு நிறைஞ்சு ஓடுனா இரைப்பை முறுக்கிக்கலாம், அதனால கிளம்புறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பாடு, அதுவும் பாதி.

இன்னைக்கு மே பாதி, இப்பவே செய்ய வேண்டியது

ரேபிஸ் ஊசி போட்டாச்சு, போதும்னு எழுதியிருந்தீங்க. போதாதும்மா. தண்ணி, சேறு, எலி மூணும் சேருற இடத்துக்கு எலிக்காய்ச்சல் ஊசி வேணும். எலி மூத்திரம் கலந்த தண்ணியிலேருந்து வர்றது, நாயோட கிட்னியையும் ஈரலையும் பிடிக்கும், அவன் மூத்திரத்துலேருந்து உங்க பையனுக்கும் வரலாம், மழைக்காலத்துல கேரளா பக்கம் மனுஷங்களுக்கே அது எவ்வளவு வருதுன்னு பேப்பர்ல பார்த்திருப்பீங்க. குட்டியில போட்ட கூட்டு ஊசியில அது இருந்திருக்கும், ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா விட்டுட்டீங்க, அதனால மறுபடி ரெண்டு டோஸ், மூணு நாலு வாரம் இடைவெளி. இந்த வாரம் போட்டாத்தான் ஜூன் முதல் பாதியில ரெண்டாவது முடியும், அதுக்கப்புறம் ரெண்டு வாரம் விட்டாத்தான் நல்லா வேலை செய்யும்.

உண்ணிக்கு மாசம் ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை மாத்திரை இருக்கு, எடைக்குத் தகுந்த மாதிரி டாக்டர் எழுதுவாங்க, முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருந்தா கட்டாயம் சொல்லிருங்க. மாத்திரை போட்டாச்சுன்னு விட்டுராதீங்க, வந்த அன்னைக்கு ராத்திரி காது மடல், விரல் இடுக்கு, கக்கம், வால் அடி எல்லாம் விரலால தடவிப் பாருங்க. உங்க மாமனார் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்த அளவு குறைச்சுத் தேய்ச்சதா எழுதியிருந்தீங்க, அத இனி தொட வேண்டாம், நக்கி உள்ள போச்சுன்னா விஷம். காய்ச்சல்னு வீட்டுல இருக்கற பாராசிட்டமாலும் குடுக்காதீங்க.

கேரளாவுல மூளையத் தின்னும் அமீபான்னு 2024-லயும் 2025-லயும் செய்தி வந்துச்சே, பையன் குளிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. அந்தக் கிருமி பெரும்பாலும் மூக்கு வழியாத்தான் ஏறும், குடிச்சா வராது, நாய்கிட்டேருந்தும் வராது. வெதுவெதுன்னு தேங்கிக் கிடக்கற குளம் குட்டையிலதான் பயம் அதிகம், குளுந்து ஓடுற ஓடையில குறைவு. பையன் தலைய முக்க வேண்டாம், அவ்வளவுதான். பச்சை பெயிண்ட் ஊத்துன மாதிரி படலம் கட்டுன கல்குவாரித் தண்ணின்னா நாய்க்கும் வேண்டாம் பையனுக்கும் வேண்டாம், அதக் குடிச்ச நாய் சில மணி நேரத்துல செத்துப் போகலாம்.

இப்ப இடம். உங்க சித்தி "தோடு"ன்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்களே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல ஓடுற அந்தச் சின்ன ஓடை, அதுதான் உங்க இடம். சொந்தக்காரங்க நிலம், அனுமதி கேட்டு நிக்க வேண்டாம், கூட்டம் இல்ல. காலையில ஏழரைக்கு மேல போங்க, சாயங்காலம் நாலுக்குள்ள வீட்டுக்கு வந்துருங்க, மத்த நேரம் யானைக்கும் பன்னிக்கும் உள்ளது. முந்துன நாள் சித்தப்பாவோ தோட்டத்துல வேலை பார்க்கறவங்களோ ஒரு நடை நடந்து சுருக்கு, வெடி ஏதும் கிடக்கான்னு பார்த்துச் சொல்லட்டும். ஊசி போட்ட புத்தகத்த வண்டியில வச்சுக்குங்க, ஆரியங்காவு செக்போஸ்ட்ல கேட்டா காட்டலாம்.

மேல மலையில மழை பெஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே தண்ணி வந்துரும். 2024 மே 17 அன்னைக்கு பழைய குற்றாலத்துல அப்படித்தான் ஒரு 17 வயசுப் பையன் போனான், அப்ப சீசனே தொடங்கல. தெளிஞ்ச தண்ணி கலங்குச்சு, இலையும் குச்சியும் மிதந்து வருது, சத்தம் மாறுதுன்னா செருப்பத் தேடாதீங்க, பையன ஒரு கையில, கயித்த ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மேடு ஏறிருங்க.

கடைசில ஒரு வரி கேட்டிருந்தீங்க, "அவன் தண்ணிக்கே இறங்காம கரையிலயே உக்காந்திருந்தா கூட்டிட்டுப் போனது வீண்தானே சார்?" வீண் இல்லம்மா. ஒரு கல்லு, ஒரு வேரு விடாம மோந்து பார்த்துக்கிட்டு, காத்துல வர்ற வாசனைக்கு மூக்கத் தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் கயித்தோட நடந்தான்னாலே வீட்டுக்கு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான். இந்த வாரம் ஊசி போடப் போகையிலயே ரத்தமும் குடுத்துட்டு வந்துருங்க. பிளேட்லெட் 2 லட்சத்துக்கு மேல இருந்தா ஜூன் கடைசியே போகலாம், குறைஞ்சிருந்தா எண்ணிக்கைய எழுதி அனுப்புங்க, தேதிய ஜூலைக்குத் தள்ளி வச்சுக்கலாம், சாரல் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கும்.